நாய்க்கும் கல் நட்ட மண்ணில் கூலிக்காரனுக்குக் கல் எங்கே?

திருவண்ணாமலையில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கோயில் சுவர்களில் மன்னர்களின் பெயர்களும், நிலமும் பொன்னும் கொடுத்த பிரபுக்களின் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் யாத்ரீகரிடம், கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதெல்லாம் பழைய காலம் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் டியூப் லைட்டிலே "உபயம்" என்று பெயர் எழுதியிருக்கிறது. வெளிச்சத்தில் பாதியை அந்தப் பெயரே மறைத்துக்கொள்கிறது.

இந்தக் கோபுரத்துக்குக் கல் உடைத்தவன் யார்? சாரம் கட்டி ஏறியவன் யார்? சாரம் சரிந்து விழுந்து செத்தவன் யார்? அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. பணம் கொடுத்தவனுக்குப் பெயர் உண்டு. உயிர் கொடுத்தவனுக்குப் பெயர் இல்லை. இதுதான் கோயிலிலும், மில்லிலும், தோட்டத்திலும், யுத்தத்திலும் சுரண்டும் வர்க்கம் நடத்திவரும் கணக்கு.

ஆனால் இந்த ஜில்லாவின் மண்ணிலேயே வேறொரு வழக்கமும் இருந்திருக்கிறது.

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தில், வயல் ஓரங்களிலும் காட்டு ஓரங்களிலும் பழைய பலகைக் கற்கள் நிற்கின்றன. வில்லும் வாளும் பிடித்த ஆள் உருவம் செதுக்கி, மேலே பழைய எழுத்தில் சில வரிகள் வெட்டியிருக்கும். நம் கிராமத்து ஜனங்கள் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். படித்தவர்கள் நடுகல் என்கிறார்கள். பல்லவர் காலத்திலிருந்து நடப்பட்டவை. தமிழ்நாடு தொல்பொருள் துறை 1972இல் இவற்றைத் தொகுத்து 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமாகவே வெளியிட்டது.

அந்தக் கற்களில் என்ன எழுதியிருக்கிறது? இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊரில், மாடு பிடிக்க வந்தபோதோ மீட்கப் போனபோதோ, இன்னார் மகன் இன்னான் பட்டான். அவ்வளவுதான். செத்தவர்களில் பலர் ஒரு சிறு தலைவனிடம் சேவகம் செய்தவர்கள். அவர்களும் எஜமானர்களின் மாட்டுக்காகத்தான் செத்தார்கள் என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆனாலும் செத்தவனின் பெயரும், ஊரும், சாவின் காரணமும் கல்லில் ஏறின.

எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆவது ஆட்சி ஆண்டில் நட்டது. ஏறக்குறைய 1,400 வருஷத்துப் பழமை. எருமை மாடுகளைக் காக்கும் சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் செதுக்கியிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று நாயின் காரியத்தையும் எழுதி வைத்தார்கள். 1,400 வருஷத்துக்குப் பின்னும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது!

நாய்க்குக் கிடைத்த அந்த மரியாதை, அதே மண்ணில் பிறந்த கூலிக்காரனுக்குக் கிடைத்ததா? இதுதான் நம் கேள்வி.

திருவண்ணாமலை 1989இல் தனி ஜில்லாவாவதற்கு முன் வட ஆற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகாவாக இருந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் காலத்தில் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த முக்கியமான ஜில்லாக்களில் வட ஆற்காடும் ஒன்று. மழை பொய்த்தால் பஞ்சம். பஞ்சம் வந்தால் கடன். கடன் முற்றினால் கங்காணி வந்து நிற்பான். காசு காய்க்கும் மரம் இருக்கிறது என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். 1938இல் இந்திய சர்க்கார் இந்த ஆள் ஏற்றுமதியை நிறுத்துவதற்குள் லட்சக்கணக்கான தமிழர்கள் கடல் கடந்து போய்விட்டார்கள். தோட்டத்துத் துரைமார்களின் புத்தகத்தில் அவர்கள் வெறும் ஆள் கணக்கு.

1941 டிசம்பரில் ஜப்பானிய ராணுவம் மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார்களில் தப்ப முடிந்தவர்கள் தப்பினார்கள், மற்றவர்கள் கைதியானார்கள். தொழிலாளிகளுக்குப் போக்கிடம் இல்லை. ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்கள் மூடின, அரிசி இல்லை. அந்தப் பட்டினியைப் பயன்படுத்திக்கொண்டு ஜப்பானிய ராணுவம் ஆள் சேர்க்க வந்தது. பர்மாவை நோக்கி சயாம் காடுகள் வழியாக ரயில் பாதை போட வேண்டும். மூன்று மாத வேலை. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி. சாப்பாடு உண்டு என்றார்கள். முதலில் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும், மற்றவர்களைப் பலவந்தமாகப் பிடித்து லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றினார்கள். பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு.

415 கிலோமீட்டர் பாதை. மலையும் காடும் ஆறும் நிறைந்த இடம். 1942இன் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். எப்படி முடிந்தது? மனித உயிரைச் சல்லியாகக் கொட்டி முடித்தார்கள். மழைக் காலத்தில் காலரா வந்தது. யுத்தக் கைதிகளுக்காவது அவர்களோடு பிடிபட்ட ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். கூலிகளின் முகாம்களில் வைத்தியனும் இல்லை, மருந்தும் இல்லை, கழிப்பிடமும் இல்லை. பிணங்களைக் குழியில் தள்ளினார்கள். உயிர் ஒட்டிக்கொண்டிருந்தவர்களைக்கூடக் குழியோரம் போட்டதாகத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர்; இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளிகள் இரண்டு லட்சம் அளவில். அவர்களில் தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் எல்லோரும் உண்டு. இறந்தவர்கள் 90,000 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்கும் மேல் என்பவர்களும் உண்டு. மலேயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரிய பகுதி நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள்.

தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊரில் கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 6,982 பேரின் நினைவு அங்கே காக்கப்படுகிறது. வரிசை வரிசையாகக் கல். கல்லில் பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. புல் வெட்டி, பூச்செடி வைத்து இன்றுவரை பராமரிக்கிறார்கள். இதைக் கண்டு நமக்குப் பொறாமை இல்லை. அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஹாலந்திலும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுக்குக் கல் வைத்தது நியாயம். அதே பாதையில், அவர்களைவிடப் பல மடங்கு செத்த நம் ஆட்களின் பெயர் எங்கே என்றுதான் கேட்கிறோம். 1990இல் அதே காஞ்சனபுரி வட்டாரத்தில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை.

கொன்ற ஜப்பானிய ராணுவமே 1944இல் அங்கே இறந்தவர்களுக்கென்று ஒரு தூண் எழுப்பியது. கொன்றவன் கட்டிய தூணில் செத்தவன் பெயர் எப்படி வரும்? யுத்தம் முடிந்து திரும்பிய பிரிட்டிஷ் சர்க்கார் 1946இல் அந்த ரயில் பாதையைத் தாய்லாந்துக்கு 12,50,000 பவுனுக்கு விற்றது. தண்டவாளத்துக்கு விலை போட்டார்கள். கட்டைக்கு விலை போட்டார்கள். அதைப் போட்டவர்களின் பெயரைக் கேட்பார் இல்லை.

பெயர் ஏன் இல்லாமல் போயிற்று? காட்டில் நடந்தது, காகிதம் அழிந்துவிட்டது என்பார்கள். கைதிகளும் அதே காட்டில்தான் இருந்தார்கள். ஆனால் ராணுவம் தன் ஆளைப் பெயரால் எண்ணியது. அதிகாரிகள் ஒளித்து வைத்தாவது ஜாபிதா எழுதினார்கள். நம் ஆளைத் தோட்டமும் ஜப்பானியனும் தலையால்தான் எண்ணினார்கள். நாளை வேலைக்கு இத்தனை தலை வேண்டும் என்பதே கணக்கு. மில் கேட்டில் டோக்கன் நம்பராக உள்ளே போகும் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனிதனை நம்பராக்குவது முதல் படி. நம்பரை அழிப்பது அடுத்த படி.

அதே யுத்தத்தில் ஜப்பானின் கூட்டாளியாக இருந்த ஜெர்மனியில் இட்லரின் நாஜிக் கூட்டம் இந்த இரண்டு படிகளையும் எந்திரம் போலச் செய்து முடித்தது. 1933இல் ஆட்சியைப் பிடித்ததும் முதலில் கம்யூனிஸ்டுகளைச் சிறையில் தள்ளினார்கள். மே 2ஆம் தேதி தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் செய்த பிறகு, ஜெர்மானியருக்கு வந்த கஷ்டத்துக்கெல்லாம் யூதர்களே காரணம் என்று சொல்லி, 1935இல் சட்டம் போட்டு அவர்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். 1941இலிருந்து வீடு வீடாகக் குடும்பங்களைப் பிடித்து ரயிலேற்றினார்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் கையிலே நம்பர் பச்சை குத்தினார்கள். பக்கத்திலேயே ஐ.ஜி. பார்பென் என்ற ரசாயனக் கம்பெனி தொழிற்சாலை கட்டி, அந்தக் கைதிகளைச் சாகும்வரை வேலை வாங்கியது. அந்த ஆட்சி கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர்.

அந்த யூதக் குடும்பங்களுக்காக இன்று ஜெர்மானியத் தெருக்களில் கல் பதிக்கிறார்கள். குந்தர் டெம்னிக் என்ற சிற்பி 1992இல் கொலோன் நகரில் தொடங்கிய வேலை. பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டி. மேலே பித்தளைத் தகடு. "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த வருஷம், பிடித்துக்கொண்டு போன நாள், கொல்லப்பட்ட இடம் ஆகியவற்றைக் கையாலேயே தட்டி எழுதுகிறார்கள். கடைசியாக விருப்பப்படி குடியிருந்த வீட்டு வாசலில் நடைபாதையில் பதிக்கிறார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்றால் நாலு கல் பக்கம் பக்கமாக இருக்கும். யூதர்களுக்கு மட்டுமல்ல, நாடோடிகளாக வாழ்ந்த ரோமா மக்களுக்கும், நாஜிகள் கொன்ற கம்யூனிஸ்டுகளுக்கும், தொழிற்சங்கத்தாருக்கும், ஊனமுற்றோருக்கும் இப்படிக் கல் உண்டு. 2023இல் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, 60 லட்சம் என்ற எண்ணைக் கேட்டால் மலைப்பு வருகிறது. ஒரு வாசலில் ஒரு பெயரைப் படித்தால் மனிதன் எழுந்து நிற்கிறான். இரண்டாவது, கல் கொலை நடந்த தூர தேசத்தில் இல்லை; அவர்கள் வாழ்ந்த தெருவில் இருக்கிறது. "எங்களுக்குத் தெரியாது" என்று பக்கத்து வீட்டான் சொல்ல முடியாது. மூன்றாவது, இதை சர்க்கார் தொடங்கவில்லை. ஊர் மக்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பழைய பதிவுகளைத் தேடிப் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள். செலவையும் அவர்களே ஏற்கிறார்கள்.

காலில் மிதிபடும் இடத்தில் பெயரை வைக்கலாமா என்று அங்கேயே யூதர்களில் சிலர் ஆட்சேபித்தார்கள். மியூனிக் நகராட்சி அதை ஒப்புக்கொண்டு பொது நடைபாதையில் இவற்றுக்கு இடம் தர மறுத்துவிட்டது. அந்த ஆட்சேபணை நமக்கும் புரிகிறது. நம்மவர்களைக் காலமெல்லாம் மிதித்தாகிவிட்டது. நம் கல் செங்கத்துக் கல்லைப் போல நிமிர்ந்து நிற்கட்டும்.

உயிரோடிருப்பவன் வயிற்றுக்கே வழியில்லை, செத்தவனுக்குக் கல் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கீழவெண்மணி இதற்குப் பதில் சொல்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின் கீழ் நின்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 44 பேர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டு 1970இல் பண்ணையாருக்கும் கூட்டாளிகளுக்கும் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. ஜெர்மனியில் அடிமை உழைப்பில் கொழுத்த குரூப் முதலாளியும் 1948இல் 12 வருஷத் தண்டனை பெற்று, 1951இலேயே சொத்தோடு வெளியே வந்தவன்தான். முதலாளிக்கும் பண்ணையாருக்கும் கோர்ட்டு காட்டும் கருணை எல்லா தேசத்திலும் ஒன்று போலத்தான் இருக்கிறது.

ஆனால் வெண்மணியில் தொழிலாளிகள் கல் நட்டார்கள். 44 பெயர்களையும் வெட்டினார்கள். ஹைகோர்ட்டுத் தீர்ப்பு அலமாரியில் கிடக்கிறது. கல் வெயிலில் நிற்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 25க்கும் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகள் அங்கே கூடுகிறார்கள். அந்தப் பெயர்களைப் படித்துவிட்டுத் திரும்புகிறவன், அடுத்த அறுவடையில் கூலி பேசும்போது தலை குனிந்து பேசுவானா? கல்லுக்கும் கூலிக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொல்ல முடியும்?

சயாம் பழைய கதை, 80 வருஷமாகிவிட்டது என்றும் சொல்வார்கள். கூலிக்காரன் பெயரை எழுதாத பழக்கம் பழையதாகிவிட்டதா? 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் இதே திருவண்ணாமலை ஜில்லாக்காரர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் தருமபுரி ஜில்லாக்காரர்கள். மரம் வெட்டும் கூலிக்குப் போனவர்கள். போலீஸ் அவர்களுக்கு ஒரே பெயர் வைத்தது: கடத்தல்காரர்கள். மரத்தை விற்றுக் கோடி சேர்த்தவனின் பெயர் அந்தப் பிணங்களோடு வெளியே வந்ததா? அந்த 20 பேரில் ஒருவர் பெயரையாவது நம்மில் எத்தனை பேர் இன்று சொல்ல முடியும்? ரயில் பாதை மாறியிருக்கிறது. கங்காணிக்குப் பதில் மேஸ்திரி வந்திருக்கிறான். கணக்கு அதே தலைக்கணக்குதான்.

சயாமில் செத்த தமிழர்களுக்காக 2023 மே தினத்தில் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டப்பட்டிருக்கிறது. தமிழர்கள் முயற்சி எடுத்தார்கள். தமிழக அரசு பண உதவி செய்தது. மனமார வரவேற்கிறோம். ஆனால் அது பல்லாயிரம் பேருக்கும் சேர்த்து ஒரு கல். வேலை அதோடு முடிந்துவிடவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே நட்ட கல்லில் எழுதப்படாத பெயர்கள் இங்கே, நம் ஊர்களில் இருக்கின்றன.

எங்கே இருக்கின்றன? சேரிகளிலும் தெருக்களிலும் கிழவர் கிழவிகளின் வாயில் இருக்கின்றன. "எங்க பெரியப்பா மலேயா போனாரு, சண்டைக்குப் பிறகு கடுதாசி வரலை" என்று சொல்லும் வீடுகளில் இருக்கின்றன. கடைசிக் கடிதம் தகரப் பெட்டியில் இருக்கலாம். தோட்டத்தின் பெயர் ஒரு பாட்டியின் ஞாபகத்தில் இருக்கலாம். அந்தப் பாட்டி போய்விட்டால் அந்தப் பெயரும் போய்விடும். இதில் நமக்கு அவகாசம் இல்லை.

ஆகவே தோழர்களே, விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் மில் தொழிற்சங்கங்களும் இந்த வேலையைக் கையிலெடுக்க வேண்டும் என்பது நம் யோசனை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வீடு வீடாகப் போங்கள். போனவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், எந்த வருஷம் கப்பலேறினார், எந்தத் தோட்டம், கடைசியாக எப்போது செய்தி வந்தது என்று எழுதுங்கள். பெண்கள் பெயரையும் குழந்தைகள் பெயரையும் விட்டுவிடாதீர்கள். தலைக்கணக்கில்கூட அவர்களைச் சரியாகச் சேர்க்கவில்லை. எந்த ஜாதி, எந்த மதம் என்று பார்த்து எழுத வேண்டாம். குழியில் தள்ளியவன் அதைப் பார்க்கவில்லை. படிக்கத் தெரிந்த இளைஞர்கள் எழுதட்டும், முதியவர்கள் சொல்லட்டும்.

சர்க்காரிடமும் நாம் கேட்க வேண்டும். ஆவடி, நாகப்பட்டினம் டிப்போக்கள் வழியாகக் கப்பலேற்றியபோது சர்க்கார் அதிகாரிகள் எழுதிய காகிதங்கள் எங்கே? பிரிட்டனிலும் மலேசியாவிலும் உள்ள தோட்டப் பதிவுகளையும் யுத்தப் பதிவுகளையும் தேடிப் பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தந்த ஊர்ப் பெயர்களை அந்தந்த ஊராட்சிக்கு அனுப்ப வேண்டும். சேஷாசலத்தில் செத்தவர்களின் பெயரும் அவரவர் ஊரில் கல்லில் ஏற வேண்டும். சுட்டவர்கள் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையைக் கல் நட்டதும் கைவிட்டுவிடக் கூடாது.

கல்லுக்குப் பெரிய செலவு வேண்டாம். இந்த ஜில்லாவில் பாறைக்குக் குறைவில்லை. கல் வெட்டும் கைகளுக்கும் குறைவில்லை. மந்திரி பெயரும், திறந்து வைத்தவர் பெயரும், உபயதாரர் பெயரும் அதில் வேண்டவே வேண்டாம். ஊரின் நடுவே, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அது நிற்கட்டும். இன்னார் மகன் இன்னான், இன்னார் மகள் இன்னாள், இந்த ஊர், வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்து, சயாம் ரயில் பாதையில் கொல்லப்பட்டார் என்று எழுதுங்கள். "இறந்தார்" என்று எழுதிவிடாதீர்கள். "கொல்லப்பட்டார்" என்றே வெட்டச் சொல்லுங்கள்.